காய்ச்சலும் சனிக்கிழமையும்

10.10.2025, வெள்ளி

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் குடும்பநல வழக்கு பார்க்கிற வக்கீல்களுக்கு, பிரிந்து வாழும் பெற்றோரிடமிருந்து வரும் போன் இதுதான்: "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. நாளைக்கு அவர் வந்து கூட்டிட்டுப் போற நாள். அனுப்பணுமா?"

முதலில், பிள்ளை எப்போது யாரிடம் இருக்க வேண்டும் என்று கோர்ட் போட்ட ஆர்டரின் காப்பியை எடுத்துப் படிக்க வேண்டும். நினைவில் இருப்பதை நம்பிப் பேசக் கூடாது. வழக்கு முடியும்வரை போடப்படும் இடைக்கால உத்தரவுகள் பலவற்றில் கிழமை, நேரம், ஒப்படைக்கும் இடம், இவ்வளவுதான் இருக்கும்; உடல்நலம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. வரி இல்லையென்றால் காய்ச்சல் வந்ததற்காக உத்தரவு தானாக நின்றுவிடாது. சளி, லேசான சூடு, ஆனால் பிள்ளை விளையாடுகிறது, குடிக்கிறது என்றால் அனுப்புவதுதான் சரி. அப்பா வீட்டிலும் கஞ்சி வைப்பார்கள்.

டாக்டர் பயணம் ஆகாது என்று சொன்னால் கதை வேறு. அவரிடம் கேட்க வேண்டியதும் அதைத்தான்: "ராத்திரி பஸ்ஸில் ஏழு மணி நேரம் போகலாமா?" சீட்டில் வெறுமனே "ரெஸ்ட் தேவை" என்று எழுதி வாங்கி வருகிறார்கள். ரெஸ்ட்டை எந்த வீட்டிலும் எடுக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் இல்லை. "பயணம் வேண்டாம், இத்தனை நாளுக்கு, இந்தக் காரணத்தால்" என்று தேதியோடு இருந்தால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு.

11.10.2025, சனி

அனுப்புவதென்று முடிவான பிறகு, தப்பு நடக்கிற இடம் மருந்துப் பை.

பாராசிட்டமால் சிரப் எல்லாம் ஒன்றல்ல. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளது ஒன்று, 250 மி.கி. உள்ளது ஒன்று, கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் 1 மி.லி.க்கே 100 மி.கி. இருக்கும். கணக்கு எடையை வைத்து: கிலோவுக்கு 15 மி.கி. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 180 மி.கி. 120 சிரப்பில் அது ஏழரை மி.லி.; 250 சிரப்பில் 3.6 மி.லி.; டிராப்ஸில் 1.8 மி.லி. அம்மா போனில் "ஏழரை கொடுங்க" என்கிறார், அங்கே அலமாரியில் இருப்பது 250. உள்ளே போவது 375 மி.கி., இரண்டு மடங்குக்கும் மேல். டிராப்ஸாக இருந்தால் 750 மி.கி. 24 மணி நேரத்துக்கான உச்ச வரம்பே கிலோவுக்கு 60 மி.கி. தான், அது ஒரே வேளையில் தாண்டிப்போகும். கல்லீரலுக்கு ஆபத்து.

அதனால் மருந்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது, பாட்டிலையே அனுப்ப வேண்டும். கூடவே அளவுச் சிரிஞ்சு. சமையலறை ஸ்பூன் வேண்டாம். சிரிஞ்சில் நிற்க வேண்டிய கோட்டில் மார்க்கரால் ஒரு கோடு. பாட்டிலில் ஒட்டிய துண்டுச் சீட்டில் பிள்ளையின் எடை, ஒரு வேளை அளவு, கடைசியாகக் கொடுத்த மணி. அடுத்த வேளைக்குக் குறைந்தது நான்கு மணி நேரம், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் இல்லை. காலை ஒன்பதரைக்கு அம்மா கொடுத்து, பத்தரைக்கு உடம்பு சுடுகிறதே என்று அப்பா மறுபடி கொடுப்பது பாசத்தில் நடக்கிற தவறு. அந்த மணி எழுதியிருந்தால் நடக்காது.

சளி சிரப்புகள் சிலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும்; லேபிளைப் படிக்காமல் காய்ச்சல் மருந்தோடு சேர்த்தால் இரட்டை டோஸ். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த செய்தி இந்த மாதம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சிரப்பே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தவிர்க்கவும் என்று மத்திய அரசின் அறிவுறுத்தல் வந்திருக்கிறது. எந்த வீட்டு அலமாரியில் பழைய பாட்டில் இருந்தாலும் தூக்கிப் போடலாம்.

ஆன்டிபயாடிக் நடுவில் நிற்கக் கூடாது. பொடியைக் கரைத்த அமாக்சிசிலின்-கிளாவுலானிக் சிரப்பை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், பொதுவாக ஏழு நாள் தாங்கும். பஸ்ஸில் போகிற பைக்குள் ஐஸ்பேக் வேண்டும். டாக்டரிடம் சொன்னால் இரண்டாவது பாட்டிலுக்கும் சேர்த்து எழுதிக் கொடுப்பார். அதைக் கரைக்காமல் பொடியாகவே அனுப்பிவிடலாம்.

16.10.2025, வியாழன்

வயிற்றுப்போக்கு. பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். அந்தச் சொல்லைப் பெயரில் போட்டு இனி எந்தப் பானமும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த வாரம் உத்தரவு போட்டிருக்கிறது. நல்ல காரியம். டெட்ரா பேக்கில் வருகிற இனிப்புத் தண்ணீரை ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிக் கொடுத்த வீடுகள் நிறைய. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

பெரிய பாக்கெட் 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு. சின்ன பாக்கெட் 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டில் பாதியைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் போட்டால் உப்பு ஏறிப்போகும். கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200. ஜிங்க் ஆறு மாதத்துக்கு மேல் 20 மி.கி., 14 நாள். பேதி நின்ற மறுநாளே எந்த வீட்டில் இருந்தாலும் முதலில் மறந்துபோவது இந்த ஜிங்க்தான்.

19.10.2025, ஞாயிறு

நாளை தீபாவளி. பண்டிகை நாள் விசிட்டேஷனுக்கு, அதாவது அன்றைக்குப் பிள்ளையைப் பார்க்கும் நேரத்துக்கு, இரண்டு தரப்பும் ஒற்றைக்காலில் நிற்பார்கள். இழுப்பு உள்ள பிள்ளையென்றால் பட்டாசுப் புகை இல்லாத அறை உண்டா என்பதை முன்னாடியே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்ஹேலரோடு, அதில் மாட்டி மூச்சிழுக்கும் குழாயான ஸ்பேசரும் முகமூடியும் சேர்ந்தே போக வேண்டும். ஸ்பேசரை மறந்து இன்ஹேலரை மட்டும் அனுப்பினால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். குலுக்கி, ஒரு பஃப், ஐந்தாறு மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்தது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட வேண்டும். துணியால் துடைத்தால் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும். பேசவோ குடிக்கவோ முடியாமல் மூச்சு வாங்கினால் இன்னொரு தரப்புக்குப் போன் போடுவதற்கு முன் 108.

25.10.2025, சனி

மழை பிடித்துவிட்டது, டெங்குக் காலம். "காய்ச்சல் விட்டுடுச்சு, அனுப்பிடலாம்ல?" என்ற கேள்விக்கு டெங்குவில் மட்டும் பதில் தலைகீழ். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், அது இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் கட்டம், ஒன்று இரண்டு நாள் நீடிக்கும். புதன்கிழமை காய்ச்சல் தொடங்கிய பிள்ளைக்கு சனி, ஞாயிறு அதற்குள் விழும். அந்த இரண்டு நாளும், பார்த்த டாக்டர் சரி என்று சொல்லாமல் ஊர் மாற்றக் கூடாது.

உள்ளூரிலேயே வீடு மாறுவதாக இருந்தால் ரத்தப் பரிசோதனைத் தாள்களின் நகல் போகட்டும், தட்டணுக்கள் மட்டுமல்ல, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமாடோகிரிட்டும் தேதிவாரியாக. கடைசியாகச் சிறுநீர் போன நேரமும் சீட்டில் இருக்கட்டும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை: இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. சில காய்ச்சல் சிரப்புகளில் பாராசிட்டமாலோடு மெஃபனமிக்கும் கலந்திருக்கும் என்பதால் "காய்ச்சல் மருந்து வீட்ல இருக்கு" என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம்.

1.11.2025, சனி

அம்மை. நம் ஊரில் இதில் மருத்துவமும் சம்பிரதாயமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. வாசலில் வேப்பிலை, வீட்டில் தாளிப்பு கிடையாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே அனுப்புவதில்லை. அனுப்பாததற்கு "ஆத்தா வந்திருக்கா" என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் நீதிமன்றத்தில் அது வேண்டுமென்றே மறுத்ததாகத் தோன்றலாம். தொற்றைச் சொன்னால் தோன்றாது. சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, கடைசிக் கொப்புளம் பொருக்கு தட்டும்வரை பரவும். ஏறக்குறைய ஒரு வாரம். சம்பிரதாயக் கணக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது. குளித்தால் ஆகாது என்பதற்கு மட்டும் மருத்துவத்தில் ஆதாரம் இல்லை.

எதிர்த்தரப்பு வீட்டில் கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, கீமோ அல்லது ஸ்டீராய்டு எடுக்கும் பெரியவர் உண்டா என்று கேட்பது அவர்களுக்காகத்தான். ஏற்கெனவே அம்மை வந்துபோன அப்பா வீட்டுக்கே வந்து பிள்ளையோடு உட்காரத் தடை ஒன்றுமில்லை. முடியாவிட்டால் வீடியோ கால். பிள்ளை யாரிடம் இருப்பது என்பது பற்றிய யஷிதா சாஹு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், நேரில் பார்ப்பதோடு தினமும் ஐந்து பத்து நிமிடம் பேசும் தொடர்பு உரிமையையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. பெற்றோர் வேறு வேறு ஊரில் இருக்கும்போது இதை எடுத்துக்காட்டலாம்.

5.11.2025, புதன்

பிள்ளையை அனுப்பாமல் நிறுத்தினால் தகவல் எப்படிப் போக வேண்டும்? ஒப்படைக்கும் நேரத்துக்கு முன்பே, தெரிந்த உடனே, எழுத்தில். வாட்ஸ்அப் போதும், குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984இன் 14ஆம் பிரிவு சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல் ஆவணங்களை ஏற்க இடம் தருகிறது. இந்த அளவுக்கு இருந்தால் சரி:

"காலை 7 மணி, 102.4 டிகிரி. நேற்றிரவிலிருந்து மூன்று முறை வாந்தி. டாக்டர் திங்கள்வரை பயணம் வேண்டாம் என்கிறார், சீட்டு போட்டோ அனுப்பியிருக்கேன். இன்னைக்கு 4லிருந்து 6 வரை வீட்டுக்கு வந்து பார்க்கலாம். இதுக்கு ஈடா 15, 16 தேதி வச்சுக்கலாமா? நீங்களும் டாக்டர்கிட்ட பேசுங்க, நம்பர் தர்றேன்."

இதில் வழக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை, அதுதான் இதன் பலம். ஈடு தேதியை நாமே முன்வைத்திருப்பது அடுத்த பலம். மறுநாள் ஒரு மெமோவில் (குறிப்பு மனு) இதே விவரத்தை வக்கீல் மூலம் கோர்ட்டில் தாக்கல் செய்துவிடலாம்.

சனிக்கிழமைக்கான சான்றிதழைத் திங்கட்கிழமை வாங்கினால் நிற்காது. வெள்ளிக்கிழமை முழுநாளும் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு ஒவ்வொரு சனியும் காய்ச்சல் வந்தால், எதிர்த்தரப்பு வருகைப் பதிவேட்டை வரவழைக்கக் கேட்கும். உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு, அவமதிப்பு மனு என்று போன பிறகு, உண்மையிலேயே வந்த காய்ச்சலையும் நம்ப மாட்டார்கள்.

அடிக்கடி உடம்புக்கு வரும் பிள்ளையென்றால் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் உத்தரவைத் திருத்தக் கேட்கலாம். கேட்க வேண்டிய வரிகள்: பயணம் ஆகாது என்று குழந்தை மருத்துவர் எழுதினால் அந்தச் சந்திப்பு, பிள்ளை இருக்கும் இடத்தில் இரண்டு மணி நேரமாக மாறும்; தவறிய சந்திப்பு 30 நாட்களுக்குள் ஈடு செய்யப்படும்; மருந்துச் சீட்டும் பரிசோதனை முடிவும் இரு தரப்புக்கும் அன்றே போகும்; அவசரச் சிகிச்சைக்கு அப்போது பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவரே கையெழுத்திடலாம், இன்னொருவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். "நியாயமான அவகாசத்தில்" என்று எழுதி விடக் கூடாது, 30 நாள் என்று எண் போட்டே கேட்க வேண்டும்.