பட்டனை அமுக்குற கை

வாரத்துல அஞ்சு நாள் ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுறது என் வேலை, ஞாயித்துக்கிழமை ஆனா செஸ் ஆர்பிட்டர், அதாவது போட்டி நடுவர். 2011ல எக்ஸாம் எழுதி பாஸ் பண்ணினதுல இருந்து கல்யாண மண்டபம், இன்ஜினியரிங் காலேஜ் ஆடிட்டோரியம், ஸ்கூல் சாப்பாட்டு ஹால்னு எங்க டேபிள் போட்டாலும் போய் நிக்கிறேன். ஆர்பிட்டர்னா போர்டுல ஆட்டத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிற ஆள்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் நினைக்கிறாங்க. ஆரம்பத்துல நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்த பஞ்சாயத்துல முக்காவாசி கிளாக்ல (ஆளுக்குத் தனித்தனி டைம், மூவ் பண்ணிட்டு பட்டனை அமுக்கினா எதிராளி டைம் ஓடும்) கிளம்பினதுதான், காயைத் தொட்டான் தொடலைங்கிற சண்டையெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

காலையில ஏழு மணிக்கே போயிருவோம். நூறு நூத்தம்பது போர்டு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் கிளாக் செட் பண்ணணும், ஆளுக்கு 15 நிமிஷம், மூவுக்கு மூவு பிளஸ் 10 செகண்டுன்னா எல்லாத்துலயும் அதே நம்பர் ஏறியிருக்கான்னு பாக்கணும். கிளாக் எல்லாம் ஒரே பக்கமா இருக்கணும், அப்பதான் நடுவுல நடந்து போறப்ப ஒரே பார்வையில எவனுக்கு டைம் கம்மியா இருக்குன்னு தெரியும். கிளப்ல சும்மா ஆடுறப்ப கறுப்புக் காய் வச்சிருக்கறவங்க கிளாக் எந்தப் பக்கம்னு சொல்றது வழக்கம், டோர்னமென்ட்ல அது ஆர்பிட்டர் முடிவு. இதுல அடிபடுறது இடது கை பசங்கதான். ஒரு பாப்பா வந்து, மேம், கிளாக்கை இந்தப் பக்கம் மாத்திக்கட்டுமான்னு கேட்டுச்சு, முடியாது கண்ணுன்னு சொன்னேன், அது மூஞ்சி சுருங்கினது இன்னும் ஞாபகம் இருக்கு. ஏன்னா காயை நகத்துன கையாலதான் கிளாக்கை அமுக்கணும்னு ரூல். இடது கையால நகத்திட்டு கை போர்டைக் குறுக்க தாண்டிப் போய் அமுக்கணும், பிளிட்ஸ்ல, அதாவது சில நிமிஷத்துல முடியற ஆட்டத்துல, அது எவ்வளவு நேரம் தின்னும்னு ஆடினவங்களுக்குத் தெரியும்.

இந்த ஒரே கை ரூலை பசங்களுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். வலது கையால குதிரையை வைக்கிறான், வைக்கிறதுக்கு முன்னாடியே இடது கை பட்டன்ல விழுது. கிளாக் மேலயே விரலை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கறதும் கூடாது, பருந்து மாதிரி மேல கையைத் தொங்க விட்டு வச்சிருக்கறதும் கூடாது, ஓங்கி அடிக்கறது கூடாது, கையில தூக்கறது கூடாது, இதெல்லாம் ஃபிடேங்கிற உலக செஸ் அமைப்போட ரூல்லயே எழுதியிருக்கு. எழுதுன ஆளு கண்டிப்பா ஒரு சின்னப் பசங்க டோர்னமென்ட்டை நேர்ல பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாரு. ஒரு தடவை ஒரு பையன் தட்டின தட்டுல கிளாக் டேபிளை விட்டுப் பறந்து பேட்டரி கழண்டு ரெண்டு டேபிள் தள்ளிப் போய் விழுந்துச்சு. கிளாக்ல என்ன டைம் இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. எதிர்ல உக்காந்திருந்த பொண்ணு மட்டும் அமைதியா, எனக்கு 2.41, அவனுக்கு 0.38ன்னு சொல்லுச்சு. பையன் மறுத்துப் பேசல, அதையே வச்சு செட் பண்ணினேன்.

பழைய முள் கிளாக் காலத்துல நடந்த ஒண்ணைச் சொல்லணும். இப்ப இருக்கற பசங்க அதைப் பாத்திருக்கவே மாட்டாங்க, ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு கடிகாரம், மேல ரெண்டு பட்டன், ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு எழும்பும். 15 நிமிஷ ஆட்டம்னா முள்ளை அஞ்சே முக்கால்ல வைப்போம், ஆறு மணிக்கு வர்றப்ப கொடி விழும். கடைசி ரெண்டு மூணு நிமிஷத்துல பெரிய முள்ளு அந்தக் குட்டி சிவப்புக் கொடியை மெல்லத் தூக்கிக்கிட்டே வரும், முள்ளு நேரா ஆன உடனே டக்குன்னு கீழ விழும், அதான் ஃபிளாக், விழுந்தா அந்தப் பக்கத்துக்காரனுக்கு டைம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். இன்னைக்கு டிஜிட்டல்லயும் ஃபிளாக் விழுந்துருச்சுன்னுதான் சொல்றோம், விழறதுக்கு அங்க ஒண்ணும் இல்லைன்னாலும்.

2012, ஒரு ஸ்கூல் பசங்க ராபிட், அதாவது வேக ஆட்ட டோர்னமென்ட், கடைசி ரவுண்ட். பத்து வயசு இருக்கும் ரெண்டு பேருக்கும். அப்ப இருந்த ரூல் என்னன்னா, இந்த மாதிரி ராபிட் ஆட்டத்துல ஃபிளாக் விழுந்தா அதை ஆடுறவன்தான் பாத்து கிளெய்ம் பண்ணணும், ஆர்பிட்டர் வாயைத் தொறக்கக் கூடாது, ரெண்டு ஃபிளாக்கும் விழுந்துட்டா மட்டும் சொல்லலாம். நான் பக்கத்துல நிக்கிறேன், வெள்ளைக்காரன், அதாவது வெள்ளைக் காய் வச்சிருந்த பையனோட ஃபிளாக் என் கண்ணு முன்னாடி விழுது. ரெண்டு பேரும் பாக்கல. ஆட்டம் ஓடுது, ஒரு மூவ், ரெண்டு மூவ், மூணு மூவ். கறுப்பு வச்சிருந்த பையனுக்கும் முள்ளு கிட்டத்தட்ட நேரா வந்துருச்சு. எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்க்குது. பார்வையை கிளாக்ல வச்சாலே அது சிக்னல் குடுத்த மாதிரி ஆயிருமோன்னு சுவத்துல இருந்த திருவள்ளுவர் படத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். திடீர்னு கறுப்பு வச்சிருந்த பையன் கவனிச்சுட்டான். கவனிச்சவன் என்ன பண்ணணும், ரெண்டு பட்டனையும் சமமா நடுவுல நிறுத்தி கிளாக்கை ஸ்டாப் பண்ணிட்டு என்னைக் கூப்பிடணும். அவன் கையைத் தூக்கி, மேம் ஃபிளாக், ஃபிளாக்னு கத்தினான். கிளாக் அவன் பக்கம் ஓடிக்கிட்டேதான் இருக்கு. நான் ஒரு அடி எடுத்து வைக்கறதுக்குள்ள அவன் கொடியும் விழுந்துருச்சு. ரெண்டு ஃபிளாக்கும் டவுன், டிரா.

அவனுக்கு அது புரியவே இல்ல. நான்தானே மேம் முதல்ல சொன்னேன்னு திரும்பத் திரும்பக் கேட்டான். சொன்னது சரிதான் தம்பி, கிளாக்கை நிறுத்தலையேன்னு சொன்னேன். அவங்க அம்மா வந்து, மேடம், நீங்க பக்கத்துலதான நின்னீங்க, நீங்க பாக்கலையான்னு கேட்டாங்க. பாத்தேன்னு சொல்லவும் முடியல பாக்கலைன்னு சொல்லவும் முடியல, ரூல் புக்கை எடுத்துக் காட்டினேன். அன்னைக்கு நைட்டு பஸ்ல வீட்டுக்கு வர்றப்ப ரூல்படி சரியாத்தான் பண்ணிருக்கோம்னு நூறு தடவை சொல்லிக்கிட்டேன். அப்புறம் வந்த ரூல்ல, ஆர்பிட்டர் பாத்தா சொல்லணும்னு மாத்திட்டாங்க. இப்ப ஃபிளாக் விழுந்தா நானே போய் கிளாக்கை நிறுத்துறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பையன் தூக்கின கைதான் ஞாபகம் வருது.

டிஜிட்டல் கிளாக் வந்த அப்புறம் பாதி தலைவலி போச்சு. ஒவ்வொரு மூவுக்கும் கொஞ்சம் செகண்ட் கூட்டிக் குடுக்கற ஐடியாவை முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1989ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினாரு, 1992ல பழைய எதிராளி ஸ்பாஸ்கியோட மறுபடியும் ஆடினப்ப அந்த கிளாக்கை வச்சுத்தான் ஆடினாரு. இன்னைக்கு நம்ம ஊர்ல யுகேஜி பாப்பா கூட மேம் இன்க்ரிமென்ட் எவ்வளவுன்னு கேக்குது. மாமல்லபுரத்துல 2022 ஒலிம்பியாட்ல 40 மூவுக்கு 90 நிமிஷம், அப்புறம் 30 நிமிஷம், முதல் மூவுல இருந்தே மூவுக்கு 30 செகண்ட். ஜெயிக்கிற ஆட்டத்தை வச்சுக்கிட்டு டைம் இல்லாம சாகறது இதனால ரொம்ப குறைஞ்சிருச்சு.

குறைஞ்சிருச்சே தவிர போயிடல. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கிளாக் ரூல் தெரியலைன்னா அடிதான். 2015 நார்வே செஸ் முதல் ரவுண்ட்ல கார்ல்சன் லேட்டா வந்ததுல ஆர்பிட்டர் சொன்ன அறிவிப்பைக் கேக்கல. 60 மூவ் தாண்டினா இன்னும் 15 நிமிஷம் வரும்னு நினைச்சுக்கிட்டு டோபலோவ் கூட ஜெயிக்கிற பொசிஷன்ல நிதானமா யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு, அந்த டோர்னமென்ட்ல அப்படி எதுவும் வராது, டைம் போச்சு, பாயிண்ட் போச்சு. அப்ப உலக சாம்பியன், சொந்த நாட்டுல. ரவுண்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மைக்ல நான் டைம் கன்ட்ரோல் சொல்றப்ப பேசிக்கிட்டே இருக்கற பசங்ககிட்ட இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். 2024 சிங்கப்பூர்ல உலக சாம்பியன்ஷிப்புக்கு குகேஷும் டிங் லிரனும் ஆடின மூணாவது கேமும் அப்படித்தான், 40 மூவ் முடியற வரைக்கும் இன்க்ரிமென்ட் கிடையாது, டிங்குக்கு 37வது மூவ்லயே டைம் தீந்துருச்சு. பொசிஷன் ஏற்கனவே போயிருந்துச்சுங்கறது வேற விஷயம்.

சரி, அடுத்தவங்க கதை போதும், என் தப்பைச் சொல்றேன். ஒரு ராபிட் டோர்னமென்ட்ல ஒரு கிளாக்ல இன்க்ரிமென்ட் போட மறந்துட்டேன். 15 பிளஸ் 10 வரணும், வெறும் 15 ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரொம்ப நேரம் யாரும் கவனிக்கல, ஒரு பையனுக்கு 12 செகண்ட் இருக்கறப்ப மூவ் பண்ணி அமுக்கினான், 22 ஆகணும், 12லயே நிக்குது, அப்பதான் கையைத் தூக்கினான். போய்ப் பாத்ததும் வயித்தைக் கலக்கிருச்சு. ரூல் என்ன சொல்லுதுன்னா, உடனே நிறுத்து, சரியான செட்டிங்கைப் போடு, டைமை ஆர்பிட்டர் தன்னோட புத்திக்கு எட்டின வரை யோசிச்சு சரி பண்ணுன்னு. ஸ்டாண்டர்டு ஆட்டம்னா மூவ் எழுதற ஸ்கோர் ஷீட்டைப் பாத்து எத்தனை மூவ்னு எண்ணிடலாம், ராபிட்ல எழுதறதே இல்ல. ரெண்டு பேரையும் கேட்டேன், ஒருத்தன் முப்பது மூவ் இருக்கும்னான், இன்னொருத்தன் நாப்பத்தஞ்சுன்னான். யாருக்கு டைம் கம்மியோ அவனுக்குத்தான் மூவ் நிறைய ஆன மாதிரி தெரியும், அது மனுஷ இயல்பு. போர்டுல மிச்சம் இருந்த காய், சிப்பாய் எங்கெங்க நிக்குதுன்னு பாத்துட்டு முப்பதுன்னே வச்சேன். முப்பது மூவுக்கு பத்துப் பத்து செகண்ட், 300 செகண்ட், ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கூட்டினேன். 12 செகண்ட் வச்சிருந்தவன் அதுல தப்பிச்சு ஜெயிச்சுட்டான். தோத்தவனோட அப்பா, மேடம், நீங்க பண்ணின தப்புக்கு எம்பையன் ஏனுங்க அனுபவிக்கணும்னு கேட்டாரு. ஒருத்தனுக்கு மட்டும் குடுக்கலைங்க, ரெண்டு பேருக்கும் சமமாத்தான் குடுத்தேன்னு சொன்னேன். அவரு, டைம் இருந்தவனுக்கு அஞ்சு நிமிஷம் எதுக்குங்க, இல்லாதவனுக்குத்தான அது உசுருன்னாரு. அவரு சொன்னதுல தப்பே இல்ல. சீஃப் ஆர்பிட்டர் சார் என் முடிவுதான் சரின்னு நின்னாரு. ஆனா அதுல இருந்து ரவுண்ட் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தி, எல்லா கிளாக்லயும் செகண்ட் ஏறுதான்னு பாக்காம நான் டீ குடிக்கறதே இல்ல.

இன்னொரு வழக்கம், பேன்ட் பாக்கெட்ல ரெண்டு ராணி, வெள்ளை ஒண்ணு கறுப்பு ஒண்ணு, எப்பவும் வச்சிருப்பேன். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியா மாறறப்ப ராணிக் காய் கைக்கு அகப்படலைன்னா பசங்க ரூக்கை, அதாவது யானையை, தலைகீழா கவுத்து வச்சுட்டு ராணின்னு சொல்லி கிளாக்கை அமுக்கிருவாங்க. கவுத்து வச்சாலும் அது ரூக்தான், வாயால ராணின்னு சொன்னா ராணி ஆயிடாது. கிளாக்கை நிறுத்திட்டு ஆர்பிட்டர்கிட்ட ராணி கேக்கலாம், அந்த உரிமை ரூல்லயே இருக்கு, அந்த அவசரத்துல யாருக்கும் தோணாது. 2017 கனடா சாம்பியன்ஷிப் பிளேஆஃப்லயே, அதாவது சமமா வந்தவங்களுக்குள்ள நடக்கற முடிவு ஆட்டத்துலயே, இது நடந்துச்சு. நோரிட்சின் டைம் இல்லாத பதட்டத்துல ரூக்கைக் கவுத்து வச்சாரு, ஆர்பிட்டர் அது ரூக்னு சொல்லிட்டாரு. அவர் தேடின கறுப்பு ராணி எதிர்ல ஆடின சம்புயேவ் கையில இருந்துச்சு. வேணும்னு பண்ணினாரா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா வெட்டின காயைக் கையில உருட்டிக்கிட்டே ஆடுற பசங்களைப் பாத்தா, டேபிள்ல வை சாமின்னு சொல்லிருவேன். ரூல் இருக்கோ இல்லையோ, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

மரியாதைன்னதும் டிரா கேக்கறது ஞாபகம் வருது. மூவ் பண்ணணும், டிரான்னு கேக்கணும், அப்புறம் கிளாக்கை அமுக்கணும், அந்த வரிசைதான் முறை. நிறைய பேரு அடுத்தவன் கிளாக் ஓடுறப்ப அவன் யோசனைக்கு நடுவுல டிராவா டிராவான்னு நச்சரிக்கறாங்க. தோத்துட்டோம்னு தெரிஞ்ச உடனே கிளாக்கை நிறுத்திட்டு கை குடுத்துட்டு எழுந்திரிக்கற ஆளுங்களைப் பாத்தா மனசுக்கு நிறைவா இருக்கும். சில பேரு கை குடுக்காம அரை மணி நேரம் கிளாக் ஓடட்டும்னு விட்டுட்டு சும்மா உக்காந்திருப்பாங்க. ரூல்ல அதுக்குத் தண்டனை இல்ல, டைம் அவங்களோடது. நானும் எதுவும் சொல்ல முடியாது, தூரத்துல நின்னு பாத்துக்கிட்டு இருப்பேன்.

போன வாரம் பரிசளிப்பு முடிஞ்சு கிளாக் எல்லாம் எடுத்து வைக்கிறப்ப ஒரு கிளாக் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, 37வது போர்டு. ஆட்டம் முடிஞ்சு காயெல்லாம் அடுக்கி வச்சிட்டாங்க, நிறுத்தத்தான் மறந்துட்டாங்க. கறுப்புக்கு 0.09 இருந்துச்சு. யாரும் இல்லாத ஹால்ல நின்னு அது ஒண்ணொண்ணா இறங்கறதைப் பாத்துக்கிட்டு இருந்தேன், சைபருக்கு வந்து கொடி அடையாளம் வந்துச்சு. வாய் தானா ஃபிளாக்னு சொல்லுச்சு. அந்தப் பக்கம் சேரை மடிச்சுக்கிட்டு இருந்த சப்ளையர் பையன், என்னங்க்கா கூப்பிட்டீங்களான்னான். இல்லப்பான்னு சொல்லிட்டு அடியில இருந்த சுவிட்சை ஆஃப் பண்ணி பெட்டியில வச்சேன்.