குடிக்கத் தெரியாத ரோஜா

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் பெருமையடிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். மே முதல் வாரத்தில் கத்திரி பிறந்துவிட்டால், 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் இங்கே பேச்சுக்குக்கூட எடுக்கிற விஷயமில்லை. அப்போது எங்கள் மொட்டை மாடிக்கு இரண்டு உரிமையாளர்கள். தொட்டிச் செடிகள் எனக்கு, வடகம் அத்தைக்கு. ஒன்று தண்ணீர் இல்லாவிட்டால் போச்சு, இன்னொன்று தண்ணீர் பட்டால் போச்சு.

வினை செம்பருத்தியிடம் தொடங்கியது. உச்சி வேளையில் அது இலைகளைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தாலும் அப்படித்தான். வேர் உறிஞ்சும் வேகத்துக்கு மேல் இலை நீரை விட்டுவிடுகிறது. வெயில் தாழ்ந்தால் தானே நிமிர்ந்துவிடும். இதை அத்தையிடம் விளக்கினேன்.

"வாயில்லாப் பிள்ளை வாடிக் கிடக்கிறது, நீ பாடம் நடத்துகிறாயே" என்றார்.

நான் சற்றுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து வாளியோடு மாடியேறிவிட்டார். தொட்டித் தண்ணீர் அந்நேரம் கொதிக்கும் என்பதால், சமையலறை மண்பானையையே காலி செய்து கொண்டுபோயிருக்கிறார். எனக்கு அந்த மரியாதை இதுவரை கிடைத்ததில்லை.

செம்பருத்தியோடு நிறுத்தியிருக்கலாம். வந்தது வந்தோம் என்று, பையில் வைத்திருந்த ரோஜாவுக்கும் தாராளமாக ஊற்றினார். அதில் மண்ணைவிடத் தென்னை நார்க்கழிவுதான் அதிகம். நன்றாகக் காய்ந்துவிட்டால் அது சுருங்கிப் பையின் ஓரத்தைவிட்டு விலகிவிடும். ஊற்றுவதெல்லாம் அந்த இடுக்கில் இறங்கி அடித் துளை வழியே வெளியேறும். வேருக்குச் சொட்டுகூடப் போகாது. பானைத் தண்ணீர் முழுவதும் தரைச் சரிவில் ஓடி, பழைய வேட்டியில் காலையில்தான் பிழிந்திருந்த வடகத்தின் அடியில் புகுந்தது. வடகம் மறுபடியும் கூழாகிவிட்டது. காக்கைக்குக் கறுப்புக் குடை விரித்து வைத்திருந்தார். தண்ணீருக்கு எதுவும் வைக்கவில்லை.

"இந்த ரோஜாவுக்குக் குடிக்கத் தெரியவில்லை" என்று தீர்ப்பு வந்தது.

மாலையில் துணி ஊறவைக்கும் டப்பில் தண்ணீர் நிரப்பி, ரோஜாப் பையை அப்படியே உள்ளே இறக்கினேன். குபுகுபுவென்று குமிழ் வந்தது. அத்தை படிக்கட்டில் உட்கார்ந்து கடைசிக் குமிழ் வரை பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்துத் தூக்கினால் கை இறங்குகிற பாரம். வடியவிட்டு, மேலே காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் பரப்பினேன்.

"குடித்துவிட்டதே!" என்றார் அத்தை, ஏமாற்றத்தோடு.

இப்போது காலை ஆறரைக்குள் செடிகளுக்குத் தண்ணீர், தரை உலர்ந்த பிறகே வடகம் என்று ஒப்பந்தம். அத்தை மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் ஊற்றாமல் நகர்கிறார். என்னைவிடக் கறாராகிவிட்டார்.

என் வீட்டுக்காரரும் சேவைக்கு வந்துவிட்டார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிகளுக்குக் கொடுக்கிறார். அதில் உப்பு இல்லை, நல்லதுதான். ஆனால் பகலெல்லாம் ஏசியை ஓடவிட்டு, கேட்டால் "ரோஜாவுக்காக" என்கிறார். மின் கட்டணம் வரட்டும், ரோஜாவிடமே வசூலித்துக்கொள்கிறேன்.