குளமும் குட்டையும்: தொட்டால் மின்னூட்டம் எப்படிப் பிரிகிறது?

பங்குனி வெயிலில் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில், பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து இரும்பு பீரோவின் கைப்பிடியைத் தொட்ட என் தங்கை மகன், விரல் நுனியில் சுருக்கென்றதும் கையை உதறினான். உடனே மறுபடியும் தொட்டுப் பார்த்தான். இம்முறை ஒன்றும் நேரவில்லை. "மாமா, என்னிடம் இருந்ததில் சரிபாதி பீரோவுக்குப் போய்விட்டதா?" என்று கேட்டான்.

சரிபாதி என்பது ஒரே அளவும் ஒரே வடிவமும் கொண்ட இரு கடத்திகளுக்கே பொருந்தும். 1785-இல் முறுக்குத் தராசை (மெல்லிய கம்பி முறுகுவதைக் கொண்டு சிறு விசையை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்த பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம், ஒத்த பந்துகளைத் தொடவிட்டுச் சம மின்னூட்டம் பெற்றது இந்த வழியில்தான். மற்றபடி சமமாவது மின்னூட்டம் அன்று, தண்ணீருக்கு நீர்மட்டம் போல மின்னூட்டத்துக்கு அமைந்த மின்னழுத்தம். நயினார்குளத்தின் அருகே ஒரு குட்டையை வெட்டி நடுவில் மடையைத் திறந்தால், இரண்டிலும் நீர்மட்டம் ஒன்றாகும் வரை தண்ணீர் ஓடும்; அதற்காகக் குட்டையில் குளத்தளவு தண்ணீர் நின்றுவிடாது.

6 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளத்தில் 8 நானோகூலூம் (கூலூம் மின்னூட்டத்தின் அலகு, நானோ என்பது அதில் நூறு கோடியில் ஒரு பங்கு) எதிர் மின்னூட்டம் இருப்பதாகக் கொள்வோம். தொலைவில் உள்ள 2 செ.மீ. கோளத்துடன் அதை மெல்லிய நீண்ட கம்பியால் இணைத்தால், பெரியதில் 6, சிறியதில் 2 என்று பிரிந்து, இரண்டும் 900 வோல்ட் அளவில் நிற்கும். கம்பி வழியே போனவை ஏறத்தாழ 1,250 கோடி எலெக்ட்ரான்கள். உலோகத்தில் நகர்வன அவையே, நேர்மின் அணுக்கரு இடம்பெயர்வதில்லை. (கோளங்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் ஒன்றன் மின்னூட்டம் மற்றதன் பரவலைக் குலைப்பதால் விகிதம் சற்று மாறும், பாடநூல் கணக்குகள் கம்பியை விடாப்பிடியாக நீட்டுவது இதனால்தான்.) குறைவாகப் பெற்ற சிறு கோளத்தின் பரப்பில்தான் மின்னூட்டம் மும்மடங்கு நெருக்கமாக இருக்கும் என்பது எனக்கு இன்றும் வியப்பே.

மொத்த மின்னூட்டம் சிறிதும் குறையவில்லை. ஆற்றலில் மட்டும் கால் பங்கு வெப்பமாகவும் பொறியாகவும் கழிந்துவிடுகிறது. மருமகனைச் சுருக்கென்று குத்தியதும் அப்படிக் கழிந்த ஆற்றல்தான். இரண்டாம் முறை தொட்டபோது மட்டம் ஏற்கெனவே ஒன்றாகியிருந்ததால் ஓடுவதற்கு எதுவுமில்லை.

இதே 6 செ.மீ. கோளத்தை 6,371 கி.மீ. ஆரமுள்ள பூமியோடு இணைத்தால், இந்தக் கணக்கின்படி அதில் மிஞ்சுவது பத்துக் கோடியில் ஒரு பங்குதான். கரியும் உப்பும் இட்டுக் கொல்லையில் தோண்டிய எர்த் குழியும் பூமியோடு இணைக்கும் ஒரு மடைதான். மண் காய்ந்தால் மடை அடைபட்டதுபோல் ஆகிவிடும் என்பதால், சித்திரை பிறந்ததும் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலையை அவனிடமே விட்டிருக்கிறேன்.