காப்பர்பேண்டுக்கு மட்டி ஊட்டின கதை

எங்க வீட்டு மரைன் டேங்க்ல, அதாவது கடல் மீன் தொட்டில, காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளைன்னு ஒரு மீன் போன பிப்ரவரிலேர்ந்து இருக்கு, அதாவது பதினோரு மாசம் ஆகப்போகுது. இதுக்கு முன்னாடி ஒன்னு வாங்கி சரியா பதிமூணாவது நாள் செத்துப்போச்சு. அந்தக் கதையும் சேர்த்துதான் எழுதறேன், ஏன்னா அதுல பண்ண தப்பு எல்லாத்தையும் திருப்பிப் போட்டுதான் ரெண்டாவதைக் காப்பாத்தினேன்.

டேங்க் 5 அடிக்கு 2க்கு 2, சென்னைல மூணாவது மாடி வீடு, தண்ணியைக் குளிர வைக்கிற சில்லர் இல்லாம மே மாசத்தைத் தாண்டவே முடியாது. சாஃப்ட் கோரல், ஜோவா, மஷ்ரூம்னு மெத்துன்னு இருக்கிற பவள வகைங்க மட்டும்தான் வச்சிருக்கேன், ஹார்டு கோரல்ங்கிற கெட்டிப் பவளம் எல்லாம் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல ஷெட்யூல் ஒன்னுல இருக்கு, புலி இருக்கிற அதே லிஸ்ட், அந்த வம்பே வேணாம்னு விட்டுட்டேன். பிரச்சனை எங்க ஆரம்பிச்சதுன்னா ஒரு ஜோவா துண்டோட அடில ஒட்டிக்கிட்டு வந்த ஒரே ஒரு ஏப்டேஷியா, ஒரு சின்ன கடல் அனிமோன் வகை. பாக்க அழகா குட்டி தென்னமரம் மாதிரி இருக்கு, ஆனா களை. தெரியாத்தனமா ட்வீசர்ல பிச்சு எடுத்தேன், அது பிஞ்ச துணுக்கு ஒவ்வொன்னும் ஒரு புது ஏப்டேஷியாவா முளைக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆறு மாசத்துல பாறை பூரா அதுதான். ஊசில எலுமிச்சை சாறு குத்திப் பாத்தேன், சுண்ணாம்பு பேஸ்ட் வச்சுப் பாத்தேன், கண்ணுக்குத் தெரியறது சாகும், பாறை சந்துல இருக்கிறது சிரிக்கும். கேட்ட இடத்துல எல்லாம் காப்பர்பேண்ட் போடு, அது ஏப்டேஷியாவைத் தின்னுடும்னாங்க. அது வேற என்ன சாப்பிடும்னு மட்டும் யாரும் சொல்லல, நானும் கேக்கல.

கொளத்தூர்ல ஒரு கடைல போய் வாங்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் சரக்கு எறங்குச்சு, ஞாயித்துக்கிழமை காலைல நான் போய் நிக்கிறேன். வெள்ளை ஒடம்புல ஆரஞ்சு பட்டை, முதுகுத் துடுப்புல கண்ணு மாதிரி ஒரு கருப்புப் பொட்டு, நீள மூக்கு, பாத்தவுடனே மயங்கிட்டேன். "சாப்பிடுதா பாய்?"னு கேட்டேன், "எல்லாம் சாப்பிடும், எடுத்துட்டுப் போங்க"ன்னாரு. எடுத்துட்டு வந்து அரை மணி நேரம் டேங்க் தண்ணியைச் சொட்டு சொட்டா ட்ரிப் போட்டுப் பழக்கி நேரா மெயின் டேங்க்ல விட்டுட்டேன். உள்ள சைல்ஃபின் டாங்னு ஒரு மீன் இருக்கு, ரௌடி, அது மொத நாள்லேர்ந்தே வாலால வெட்டிக்கிட்டே இருந்துச்சு. மைசிஸ்னு ஐஸ்ல உறைஞ்ச குட்டி இறால் மாதிரி தீனி போட்டா மத்த மீனெல்லாம் பத்து செகண்ட்ல காலி பண்ணிடும், காப்பர்பேண்ட் மூலைல நின்னு வேடிக்கை பாக்கும். ஏப்டேஷியாவை ரெண்டு தடவை கொத்துச்சு, அவ்வளவுதான். நான் என்னடான்னா ஏப்டேஷியா இவ்வளவு இருக்கே, பசிச்சா சாப்பிடும்னு நெனச்சேன். இந்த "பசிச்சா சாப்பிடும்"ங்கிறது நாய்க்கு சரி, இந்த மீனுக்கு இல்ல. பத்தாம் நாள் வாக்குல கண்ணுக்குப் பின்னாடி முதுகு மேல இருக்கிற சதை உள்ள வாங்கி எலும்பு தெரிய ஆரம்பிச்சிடுச்சு. வயிறு ஒட்டறதைக் கூட மீட்டுடலாம்பாங்க, முதுகு வத்திட்டா கஷ்டம்.

அப்புறம் மூணு மாசம் வாங்கல. அந்த மூணு மாசத்துல உக்காந்து யோசிச்சதுல ஒன்னு புரிஞ்சுது. இந்த மீனு கடல்ல பாறை இடுக்குல அந்த நீள மூக்கை விட்டு புழு, சின்னச் சின்ன நண்டு இறால் குஞ்சுன்னு நாள் பூரா ஒவ்வொன்னா பொறுக்கித் தின்னுக்கிட்டே இருக்கும். நாம தண்ணில மெதக்க விடற ஐஸ்கட்டித் தீனி அதுக்கு சாப்பாடுன்னே தெரியாது. அதுக்கு அடம்னு பேர் வச்சிட்டோம்.

அதனால இந்தத் தடவை மொதல்ல தீனி, அப்புறம்தான் மீன். ஜனவரிலயே மொட்டை மாடில ஒரு டப் வச்சு ஆர்டீமியாங்கிற குட்டி உப்புத்தண்ணி இறாலை வளர்க்க ஆரம்பிச்சேன். முட்டை பொரியறது ஒன்னும் பெருசில்ல, உப்புத் தண்ணி, ஏர் பம்ப், வெளிச்சம், நம்ம ஊரு சூட்டுக்கு ஒரே நாள்ல பொரிஞ்சிடும். ஆனா பொரிஞ்ச குஞ்சு தூசி சைஸ், நாலு இன்ச் மீனுக்கு அது பத்தாது, அதை ஸ்பைருலினா பவுடர் போட்டு பெருசாக்க ரெண்டு மூணு வாரம் ஆகும். மொத பேட்ச் ஃபுல்லா செத்துப்போச்சு, பவுடர் அதிகமாப் போட்டு தண்ணி நாறிடுச்சு, அம்மா மாடிக்கு வத்தல் காயப்போட வந்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டு எறங்கிட்டாங்க. ரெண்டாவது பேட்ச் பொழைச்சுது.

மீனை வேற கடைல பாத்தேன். மூணு தடவை போனேன், மூணு தடவையும் தண்ணில ஏதாவது கொத்துதான்னு மட்டும் பாத்தேன். எட்டு நாள் கடைலயே இருந்த மீன், மூக்கு நுனி அடிபடாம இருந்துச்சு, முதுகு தடிமனா இருந்துச்சு. மைசிஸ் தொடல, ஆனா கண்ணாடில ஒட்டியிருந்த எதையோ நோண்டிக்கிட்டே இருந்துச்சு, அது போதும்னு தோணிச்சு.

புது மீனைத் தனியா வைக்கிற குவாரன்டைன் டேங்க் மூணு அடி, வெறும் கண்ணாடி, பிவிசி எல்போ நாலு, ஸ்பான்ஜ் ஃபில்டர். மூணு பக்கமும் பேப்பர் ஒட்டிட்டேன், ஆள் நடமாட்டம் தெரியக்கூடாதுன்னு. மொத நாள் ஒன்னும் போடல. ரெண்டாவது நாள் காலைல ஆர்டீமியா விட்டேன், துடிச்சுக்கிட்டு ஓடறதைப் பாத்துட்டு மெதுவா வந்து தலையைச் சாய்ச்சு ஒவ்வொன்னா டக்கு டக்குன்னு உறிஞ்சுச்சு பாருங்க, நான் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் லேட்.

ஆனா ஆர்டீமியா பெரிய சத்து கிடையாது, பொரி மாதிரி. ஒரு வாரம் அதையே போட்டதுல வயிறு லேசா ஒட்ட ஆரம்பிச்சுது. மைசிஸை ஆர்டீமியாவோட கலந்து விட்டா கில்லாடி ஆர்டீமியாவை மட்டும் பொறுக்கிட்டு மைசிஸை வாய்ல வச்சுத் துப்பும். துப்புது, துப்புது, அஞ்சு நாள் துப்புது.

அப்பதான் காசிமேட்டுல மட்டி வாங்கி வந்தேன். பழவேற்காடு பக்கத்துலேர்ந்து வர்ற உப்பங்கழி மட்டிதான், குழம்புக்கு வாங்கறது. ஃப்ரீசர்ல ரெண்டு நாள் வச்சேன், கிருமி பயம் கொஞ்சம் கொறையும், ஓடும் தானா லேசா வாய் தொறந்துக்கும், கத்தி வச்சுக் கையைக் கிழிச்சுக்க வேணாம். பாதி ஓட்டோட சதையை அப்படியே அடில வச்சேன். இருவது நிமிஷம் அது சுத்தி சுத்தி வருது, மூக்கை ஓட்டு விளிம்புல வைக்குது, எடுக்குது. அப்புறம் ஒரு கொத்து. அப்புறம் நிறுத்தவே இல்ல, ஓடு டக் டக்குனு கண்ணாடில இடிக்கிற சத்தம் கேக்குது. சாயங்காலம் ஓட்டுக்குள்ள வழிச்சு வச்ச மாதிரி சுத்தம். மிச்சம் இருந்தா ரெண்டு மணி நேரத்துல எடுத்துடணும், சின்ன டேங்க்ல அம்மோனியா ஏறிடும்.

அந்த ஓடுதான் எனக்குக் கெடச்ச சாவி. அடுத்த நாள்லேர்ந்து அதே காலி ஓட்டுல மட்டியோட கொஞ்சம் மைசிஸை நசுக்கி அப்பி வச்சேன். தண்ணில மெதந்தா துப்புற அதே மைசிஸை ஓட்டுக்குள்ள இருந்தா நோண்டித் தின்னுச்சு. நாளாக நாளாக மட்டியைக் கொறைச்சு மைசிஸைக் கூட்டினேன். இன்னொரு விஷயம், சில வகை மட்டியில தயாமினேஸ்னு ஒன்னு இருக்கு, பி1 சத்தை ஒடைச்சிடும், அதனால மட்டியே கதின்னு விடக்கூடாது, வாரத்துக்கு ரெண்டு தடவை தீனில விட்டமின் சொட்டு விட்டேன். முப்பத்தெட்டாவது நாள் மெதக்கிற மைசிஸை அதுவா துரத்திப் பிடிச்சுது.

மருந்து சமாச்சாரம் நடுவுலதான் பண்ணேன், நல்லா சாப்பிட ஆரம்பிச்ச அப்புறம். நெறைய பேர் வந்த அன்னைக்கே ஆரம்பிக்கச் சொல்றாங்க, சாப்பிடாத மீனை அலைக்கழிக்க எனக்கு மனசு வரல. உப்பில்லாத நல்ல தண்ணில டிப் (முக்கி வைக்கறது) அஞ்சு நிமிஷம், பிஹெச்சும் சூடும் சமமா வச்சுக் குடுத்தேன், அடில வெள்ளை வெள்ளையா செதில் மாதிரி விழுந்துச்சு, அதெல்லாம் ஃப்ளூக்னு ஒட்டுண்ணிப் புழு, பட்டர்ஃப்ளை மீன்ல சகஜம். வெள்ளைப்புள்ளி நோய்க்கு காப்பர் மருந்து போட பயந்து டேங்க் மாத்தற முறைல போனேன். மூணு நாளைக்கு ஒரு தடவை காய வச்ச இன்னொரு டேங்குக்கு மாத்தணும், மீன்லேர்ந்து கீழ விழுந்த ஒட்டுண்ணி கூடு கட்டி வெடிச்சு வெளிய வர்றதுக்குள்ள நாம மீனை எடுத்துடறோம், அவ்வளவுதான் கணக்கு. நாலு தடவை மாத்தினேன். முதுகு வலி.

மெயின் டேங்க்ல விடறதுக்கு முன்னாடி அந்த சைல்ஃபினை நண்பன்கிட்ட குடுத்துட்டேன். அப்படியும் ஒரு வாரம் ஓட்டை போட்ட டப்பாக்குள்ள வச்சுதான் விட்டேன். அதே பழைய மட்டி ஓட்டையும் கூடவே பாறை மேல வச்சேன், வீடு மாறினாலும் தட்டு மாறல.

ஏப்டேஷியா? ரெண்டு மாசம் திரும்பியே பாக்கல, எனக்கு வயித்தெரிச்சல். அப்புறம் ஜூன்ல ஒரு நாள் பாக்கறேன், இடது பக்கப் பாறை மொட்டையா இருக்கு. ஆகஸ்ட்ல தேடினாலும் ஒன்னு கெடைக்கல. கூடவே நான் ஆசையா வச்சிருந்த ஃபெதர் டஸ்டர் புழு ரெண்டும் காணோம், குழாய் மட்டும் நிக்குது. ஒரு நாளைக்கு மூணு தடவை தீனி போடறதுல நைட்ரேட்டும் ஏறிடுச்சு, அழுக்கை நுரையா எடுக்கிற ஸ்கிம்மரைப் பெருசா மாத்தினேன், மஷ்ரூம் என்னவோ சந்தோஷமாத்தான் இருக்கு.

பெல்லட், அதாவது காஞ்ச உருண்டைத் தீனி, இன்னும் தொடல. அதனாலதான் இப்ப தலைவலி, பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போகணும், ஆட்டோ ஃபீடர் வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. கீழ் வீட்டுப் பையனுக்கு ஒரு வாரமா ட்ரெயினிங் குடுத்துக்கிட்டு இருக்கேன், ஓட்டுல அப்பறது நல்லா வருது, ரெண்டு மணி நேரத்துல எடுக்கறதுதான் மறந்துடறான்.