கச்சான் காலத்திலும் வண்டு வரும் வளவு

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவே. மண்வெட்டி போட்டால் வெறும் மணல்தான், சில இடங்களில் சிப்பித் துண்டும் சேர்ந்து வரும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மே மாதமளவில் கச்சான் என்கிற வறண்ட காற்று தொடங்கினால் மேல்மண் பறக்கும், கிணற்று நீரிலும் உப்பு ஏறும். அந்த வறட்டு மாதங்களிலும் தேனீயும் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் வந்துபோகிற பூஞ்செடிகள் இங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை. இதுவரை கண்டதை எழுதி வைக்கிறேன்.

இக்சோரா என்கிற வெட்சிக்குப் புளிப்பான மண் வேண்டும். சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மணலில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிற்கும். மதிலோரம் நின்ற கன்றுக்குச் சீமெந்துச் சுண்ணாம்பும் சேர்ந்துகொண்டது. அதை மதிலிலிருந்து தள்ளி, அகலமாய்க் குழி வெட்டி, மாட்டெருவும் தும்புத்தூளும் மக்கிய இலையும் போட்டு மாற்றி நட்டேன். பழைய இலைகள் தேறவில்லை, புதுத் துளிர் நல்ல பச்சையாக வந்தது. இப்போது கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஆனால் அதன் பூ நீண்ட மெல்லிய குழாய். அடியில் இருக்கும் தேன் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்குத்தான் எட்டும். தேனீ சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

அதனால்தான் பூ நிறைய இருக்கிறதா என்பதைவிட, அந்தப் பூ யாருக்குத் திறந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அடுக்குச் செவ்வரத்தையில் மகரந்தத் தாள்கள் பல இதழாகவே மாறிவிட்டிருக்கும், வருகிறவைக்கு அங்கே அதிகம் கிடைக்காது. ஒற்றை இதழ்ச் சிவப்புச் செவ்வரத்தைக்குக் காலையிலேயே தேன்சிட்டு வந்துவிடுகிறது.

என் மனதை முழுதாகப் பிடித்தது ஆவரசு. காட்டோரத்தில் தானாய் நிற்கிற செடி என்று யாரும் வளவுக்குள் நடுவதில்லை. மணலும் வெயிலும் அதற்குப் பழக்கம், வேரூன்றிய பிறகு தண்ணீரும் கேட்பதில்லை. அதன் மஞ்சள் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். தேனீ இனத்தைச் சேர்ந்த பெரிய கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து, சிறகை அசைக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். 'ர்ர்ர்' என்று சத்தம் கேட்கும், மகரந்தம் பொடியாய் அதன் வயிற்றில் கொட்டும். நம் தேனீயால் அப்படி அதிரவைக்க முடியாது. கத்தரிப் பூவுக்கும் இதே அமைப்புத்தான். வேலியில் ஆவரசு பூக்கத் தொடங்கிய பிறகு கத்தரிப் பாத்தியில் கருவண்டின் நடமாட்டம் கூடியது, காய்ப்பும் நன்றாக இருந்தது. காய்ப்பு முழுவதையும் வண்டின் கணக்கில் எழுத மாட்டேன், அந்தப் போகத்துக்கு எருவும் தாராளமாகப் போட்டிருந்தேன்.

கருவண்டு பட்ட மரத்தைக் குடைந்துதான் குஞ்சு வளர்க்கும். காய்ந்த முருங்கைக் கொம்பை விறகுக்கு எடுக்காமல் வேலியோடு கட்டி வைத்தேன். பக்கத்து வீட்டு மாமிக்கு அது பிடிக்கவில்லை.

"என்ன புள்ள, வண்டுக்கு வீடு கட்டிக் குடுக்கிறாய்? நாளைக்குக் கூரைத் தீராந்தியையும் துளைக்கப் போகுது."

"தீராந்திக்குப் பெயின்ற் அடிச்சிருக்குத்தானே மாமி. மெதுவான கொம்பு பக்கத்தில கிடக்கேக்க அது ஏன் அங்க போகுது?"

இதுவரை கொம்பில்தான் வட்டத் துளைகள், தீராந்தி அப்படியே இருக்கிறது. நீலக் கோடு போட்ட தனித் தேனீக்கள் மண்ணில் வளை தோண்டுபவை. அவற்றுக்காகக் கிணற்றடிக்கு அப்பால் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமல் விட்டிருக்கிறேன்.

தேசியிலும் கறிவேப்பிலையிலும் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுக்களை இப்போது நசுக்குவதில்லை. அவை வளர்ந்து பச்சையாகி, பிறகு வண்ணத்துப்பூச்சியாகப் பறப்பவை. கொஞ்ச இலை போகும், போகட்டும். எருக்கலையும் புழுக்களுக்காக அப்படியே நிற்கிறது.

நாயுண்ணிப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி மொய்க்கும் என்பது உண்மை. ஆனாலும் அந்தச் செடியை நான் நடுவதில்லை. பழத்தைப் பறவை தின்று விதையைக் காடெல்லாம் பரப்பும், இலை மாட்டுக்கு நஞ்சு.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை. கச்சானில் அடியில் தென்னோலையும் சருகும் கனமாய்ப் பரப்பி, மாலையில் தண்ணீர் விடுவேன். செவ்வரத்தையில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவேன், மிஞ்சினால் சவர்க்காரக் கரைசல், அதுவும் தேனீயும் வண்டும் அடங்கிய பிறகு. பூத்து நிற்கிற செடிக்கு மருந்து அடிப்பதே இல்லை.

செப்டம்பர் கடைசியில் இக்சோராவையும் செவ்வரத்தையையும் கவாத்து செய்து, வெட்டிய தண்டுகளை மாரி ஈரத்தில் ஊன்றப் போகிறேன். ஆவரசு விதையைச் சுடுநீரில் ஊறவைத்துப் போட்டால் சீக்கிரம் முளைக்கும். காய் பறித்து வைத்திருக்கிறேன், மாமியின் வேலிக்கும் சேர்த்து.