4:3 நாட்டியப் பதிவுகளை அகலத்திரைக்குக் கொண்டுவந்த அனுபவம்

மும்பை செம்பூரில் பல ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்பித்துவரும் ஆசிரியை ஒருவரைப் பற்றித் தமிழ்த் தொலைக்காட்சி ஒன்றுக்காக அரைமணி நேர நிகழ்ச்சி தயாரித்தோம். அவருடைய மாணவிகளின் அரங்கேற்றங்கள் அனைத்தும் மினி டிவி (MiniDV) என்ற எண்ம வீடியோ கேசட்டுகளில், அகலமும் உயரமும் 4:3 விகிதத்தில், 720×576 பிக்சல் அளவில் இருந்தன. நிலையம் கேட்டதோ 16:9 விகிதத்தில், 1920×1080 அளவில், நொடிக்கு 50 ஃபீல்டுகள் கொண்ட கோப்பு.

கேசட்டைக் கணினிக்கு ஏற்றுவதில் பெரிய சிக்கல் இல்லை. ஃபயர்வயர் கார்டும் கேபிளும் லாமிங்டன் சாலையில் கிடைத்தன. அந்த வழியாக வருவது எண்ம நகல் என்பதால் தரம் குறைவதும் இல்லை.

உண்மையான வேலை ஃபீல்டுகளில் தொடங்கியது. பழைய வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு வெவ்வேறு கணங்களின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னி வைத்தது; ஒரு கணத்துக்குரிய வரிகள்தான் ஒரு ஃபீல்டு. அதை அப்படியே பெரிதாக்கினால் இரு கணங்களும் கலந்து, வீசும் கையின் விளிம்பு சீப்புப் பல்லாகச் சிதறும். எனவே முதலில் ஃபீல்டுகளைப் பிரித்து நொடிக்கு 50 முழு ஃபிரேம்களாக்கி, பிறகு பெரிதாக்கி, கடைசியில் மீண்டும் பின்னினோம். 25 ஃபிரேம்களோடு நிறுத்தினால் வேலை எளிது. ஆனால் துரித கதித் தீர்மானத்தில், அதாவது ஒரு பகுதியை முடிக்கும் வேகமான அடவுக் கோர்வையில், பாதத்தின் அசைவில் பாதி காணாமல் போகும். இந்தக் கேசட்டுகளில் கீழ் ஃபீல்டு முதலில் வரும், எச்டி ஒளிபரப்பில் மேல் ஃபீல்டு முதலில் வரும். இந்த வரிசை பிசகினால் ஆடுபவர் முன்னும் பின்னுமாக நடுங்குவார்.

அடுத்தது சட்டகம். பக்கவாட்டில் இழுத்து நிரப்பினால் உருவத்தின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியின் அளவே கெடும் என்பதால் அதை நாங்கள் பரிசீலிக்கவே இல்லை. மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் 576 வரிகளில் 144 போய்விடும். அந்த அரங்கேற்றங்களை அரங்கின் பின்வரிசையில் முக்காலி வைத்துப் படம்பிடித்தவர் ஒரு கல்யாண வீடியோக்காரர்தான். ஆனாலும் தலைசாமான் முதல் சலங்கை வரை எதையும் சட்டகத்துக்கு வெளியே விடாத கைகாரர். அந்த நேர்த்தியே இப்போது எங்களுக்கு இடைஞ்சல், ஏனென்றால் வெட்டுவதற்கு மிச்ச இடமே இல்லை. சோதனைக்கு வெட்டிக் காட்டிய தில்லானாவைப் பார்த்த டீச்சர், "காலை எடுத்துட்டா அப்புறம் என்னப்பா இருக்கு?" என்று கேட்டார்.

ஆகவே காட்சிக்குக் காட்சி முடிவெடுத்தோம். அபிநயப் பாடல்களான பதங்களில் முகமும் முத்திரையும் நெருக்கமாக இருந்த இடங்களில் முழுத்திரைக்கு வெட்டினோம். 432 வரிகளை 1080 ஆக்கும்போது படம் சற்று மென்மையாகும், அபிநயத்தில் அது உறுத்தவில்லை. தாளமும் பாட்டும் தரும் நட்டுவாங்கக் குழுவைக் காட்டும் காட்சிகளில் 14:9 என்ற நடுவழி உதவியது: உயரத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டும் போய், இருபுறமும் 120 பிக்சல் பட்டை நிற்கும். காலசைவே முக்கியமான அலாரிப்பு, ஜதிஸ்வரம், தில்லானாவுக்கு முழு 4:3 படத்தையும் வைத்து, இருபுறமும் 240 பிக்சலைக் கறுப்பாகவே விட்டோம்.

இதற்குத்தான் நிலையம் எளிதில் சம்மதிக்கவில்லை. அதே படத்தை மங்கலாக்கிப் பக்கங்களில் நிரப்பச் சொன்னார்கள். செய்திகளில் வேண்டுமானால் அது பொருந்தலாம். நாட்டியத்தில், ஆடுபவரின் கை பக்கத்திலும் நிழலாக ஆடிக்கொண்டிருப்பது கண்ணைப் பிடித்திழுக்கிறது. ஒரே தில்லானாவை வெட்டியும் மங்கல் பட்டையோடும் கறுப்புப் பட்டையோடும் அடுத்தடுத்து வைத்து அனுப்பிய பிறகு கறுப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

நிறத்தையும் பழைய வீடியோவின் 601 என்ற நிறக் கணக்கு முறையிலிருந்து எச்டிக்குரிய 709 முறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாவிட்டால் பட்டின் சிவப்பும் பச்சையும் லேசாகத் திரிந்துவிடும்.

கேசட்டிலிருந்து எடுத்த மூலக் கோப்புகளை, ஃபீல்டுகளைப் பிரிக்காமல், 720×576 அளவிலேயே ஒரு வன்தட்டில் டீச்சரிடம் கொடுத்திருக்கிறோம். இனி வேறு அளவு கேட்பவர்களுக்கு ஒளிபரப்பான கோப்பைத் தர வேண்டாம், இதையே தர வேண்டும் என்று அட்டையில் எழுதியும் ஒட்டியிருக்கிறோம்.