கெமிக்கல் இன்ஜினியரிங்ல 3.4 வாங்குன பையனும் லா ஸ்கூல் கணக்கும்

செப்டம்பர் வந்தா லா ஸ்கூல் அப்ளிகேஷன் திறக்கும், கூடவே எனக்கு போன் வர ஆரம்பிக்கும். நான் வக்கீல் இல்லங்க, பேட்டண்ட் ஏஜென்ட், அதாவது கண்டுபிடிப்புக்கு காப்புரிமை வாங்கித் தர்றவன், ஆனா நியூஜெர்சில நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுதான். கேள்வியும் எப்பவும் ஒரே கேள்விதான். “தம்பி, பையன் கெமிக்கல் இன்ஜினியரிங்ல 3.4 ஜிபிஏ வச்சிருக்கான், ஹிஸ்டரி படிக்கிற பசங்க வாங்குற 3.9க்கு அது சமம்தானே, அது கூடவா லா ஸ்கூல்காரங்களுக்கு தெரியாது?” தெரியும்க்கா, நல்லாவே தெரியும். தெரிஞ்சாலும் அதுக்கு மார்க் போட அவங்க கிட்ட இடம் இல்ல, அதான் பிரச்சனை.

ஏபிஏ, அதாவது அமெரிக்க வக்கீல் சங்கத்தோட அங்கீகாரம் வாங்குன ஒவ்வொரு லா ஸ்கூலும் வருஷா வருஷம் 509ன்னு ஒரு ரிப்போர்ட் பப்ளிக்கா போட்டே ஆகணும். புதுசா சேந்த பேட்ச்சோட எல்சாட் (லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு), ஜிபிஏ (காலேஜ் கிரேடு சராசரி, வழக்கமா 4க்கு) ரெண்டும் 25, 50, 75 பெர்சன்டைல்ல எவ்ளோன்னு அதுல இருக்கும். யாரு என்ன மேஜர், அதாவது காலேஜ்ல எது முக்கிய பாடம்ன்னு சொல்ல அதுல ஒரு கட்டம் கூட கிடையாது. யுஎஸ் நியூஸ் பத்திரிகை போடுற லா ஸ்கூல் ரேங்கிங்கும் மீடியனைத்தான், அதாவது அந்த 50 பெர்சன்டைலைத்தான் எடுக்கும், 3.9 எங்க எப்படி வந்துச்சுன்னு அதுக்கு கவலையே இல்ல. 2022 நவம்பர்ல யேலும் ஹார்வர்டும் நாங்க இந்த ரேங்கிங்குக்கு டேட்டா குடுக்க மாட்டோம்னு வெளிய வந்தாங்க, மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க, அதுக்கப்புறம் 2023ல யுஎஸ் நியூஸ்காரங்க இந்த ரெண்டு மீடியனுக்கும் சேத்து இருந்த 20 சதவீத வெயிட்டை 9 சதவீதமா குறைச்சாங்க. சரி இனிமே ஜிபிஏ மோகம் கொறையும்னு நெனச்சேன், எங்க கொறஞ்சுது, பெரிய ஸ்கூல் மீடியன் எல்லாம் 3.9க்கு மேலயேதான் நிக்குது.

இந்த மீடியன்ல ஒரு வேடிக்கை இருக்கு, இதை புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும். 201 பேர் பேட்ச்ன்னா வரிசையா நிக்க வச்சு 101வது ஆளோட ஜிபிஏ என்னவோ அதான் மீடியன். அது 3.90ன்னு வைங்க, அப்போ 3.89 காரனும் 3.2 காரனும் அந்த கணக்குல ஒண்ணுதான், ரெண்டு பேருமே கோட்டுக்கு கீழ. அதனால ஜிபிஏ கீழ இருக்கற பையனை எடுக்கணும்னா அவன் எல்சாட்ல மீடியனுக்கு மேல இருக்கணும், ஒரு பக்கம் இழுத்தா இன்னொரு பக்கம் தூக்கணும் இல்லையா. இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஸ்ப்ளிட்டர்னு பேரு. நம்ம இன்ஜினியரிங் பசங்க முக்காவாசி இந்த கேட்டகரிதான். ரெண்டுமே கீழ இருந்தா கஷ்டமான மேஜர், ரோபோட்டிக்ஸ் கிளப் எதை சொன்னாலும் பெருசா எடுபடாது, சும்மா ஆறுதலுக்கு நான் மாத்தி சொல்ல விரும்பல.

அடுத்து, காலேஜ் போர்ட்டல்ல தெரியுற ஜிபிஏ வேற, லா ஸ்கூல் பாக்குற ஜிபிஏ வேற. எல்சாட்டை நடத்துற எல்எஸ்ஏசி அமைப்பு எல்லா டிரான்ஸ்கிரிப்ட்டையும் வாங்கி அவங்களே திரும்ப கணக்கு போடுவாங்க. ஏ ப்ளஸ்னா 4.33, வெறும் ஏ-னா 4.0, ஏ மைனஸ்னா 3.67. ஏ ப்ளஸ்ஸே குடுக்காத காலேஜ்ல உயிரை குடுத்து படிச்சாலும் 4.0தான் உச்சம், பக்கத்து காலேஜ்ல ஒருத்தன் 4.1ஓட வருவான். அப்புறம் நம்ம ஊர்ல அரியர் கிளியர் பண்ணிட்டா பழைய ஃபெயிலை ஜிபிஏ கணக்குல யாரும் சேக்குறதில்ல, அந்த நெனப்புல இங்க இருக்காதீங்க. கோர்ஸை திரும்ப எடுத்து ஏ வாங்கி, காலேஜும் பழைய எஃப்பை ஜிபிஏல இருந்து எடுத்துட்டாலும், டிரான்ஸ்கிரிப்ட்ல அந்த கிரேடும் யூனிட்டும் தெரிஞ்சா எல்எஸ்ஏசி ரெண்டையும் சேத்துதான் கூட்டும். தேர்மோடைனமிக்ஸ்ல விழுந்தவனுக்கு அது கடைசி வரைக்கும் கூட வரும். சாதா வித்ட்ராவல் கணக்குல வராது, அதனால மூழ்கப்போறோம்னு தெரிஞ்சா டெட்லைனுக்கு முன்னாடி டிராப் பண்றது பல நேரம் புத்திசாலித்தனம். ஹைஸ்கூல்ல இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ்ல டூயல் என்ரோல்மென்ட் எடுக்குறாங்களே, அந்த கிரேடும் உள்ள வரும்! பதினாறு வயசுல விளையாட்டா எடுத்த ஒரு கால்குலஸ் சி, லா ஸ்கூல் வரைக்கும் வரும்னு எந்த அப்பா அம்மாவும் யோசிக்கிறதில்ல. முதல் பேச்சலர்ஸ் டிகிரியோட கணக்கு முடிஞ்சுது, அதுக்கப்புறம் மாஸ்டர்ஸ்ல 4.0 எடுத்தாலும் அந்த நம்பர் அசையாது. ரெஸ்யூமேக்கு நல்லது, அவ்ளோதான்.

அப்ப மேஜரை யாருமே பாக்குறதில்லையான்னா, பாக்குறாங்க. டிரான்ஸ்கிரிப்டை மனுஷங்கதான் படிக்கிறாங்க, ஃப்ரெஷ்மேன் வருஷம் 2.9ல ஆரம்பிச்சு சீனியர்ல 3.8க்கு ஏறுனது தெரியும், ஒரே செமஸ்டர்ல அஞ்சு லேப் கோர்ஸ் எடுத்ததும் தெரியும். ரெண்டு பேர் ஒரே மாதிரி நம்பரோட நிக்கும்போது இது உதவும், அதுக்கு முன்னாடி இல்ல. எல்எஸ்ஏசி ரிப்போர்ட்லயே உங்க காலேஜ்ல இருந்து அப்ளை பண்ணவங்களோட ஒப்பிட்டா நீங்க எங்க நிக்கிறீங்க, அவங்க சராசரி எல்சாட் என்னன்னு ஒரு பகுதி வரும். ஆனா பாருங்க, அது காலேஜ் வாரியாதான், மேஜர் வாரியா கிடையாது. ஒரே காலேஜ்ல ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட்காரனையும் கம்யூனிகேஷன்ஸ்காரனையும் ஒரே மூட்டையா கட்டிடறாங்க. பிரின்ஸ்டன்ல 2004ல ஏ கிரேடை 35 சதவீதத்துக்குள்ள வைக்கணும்னு ஒரு பாலிசி கொண்டு வந்தாங்க, நாங்க டஃப்பா கிரேட் பண்றோம்னு வெளிய எல்லாருக்கும் விளக்கியும் பாத்தாங்க, பசங்க லா ஸ்கூல், வேலைன்னு எங்க போனாலும் அடி வாங்குறோம்னு புலம்புனாங்க, 2014ல அதை எடுத்தே விட்டாங்க. பிரின்ஸ்டனுக்கே இந்த கதின்னா, என் மேஜர் கஷ்டம்னு தனி ஆளா ஒரு பக்கம் எழுதி அனுப்புனா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க. அப்ளிகேஷனோட சேத்து அனுப்புற விளக்கக் குறிப்பான அடெண்டம்ல உடம்பு சரியில்ல, குடும்பத்துல ஒரு இழப்பு, முழுநேர வேலை பாத்துக்கிட்டே படிச்சேன், இதெல்லாம் எழுதலாம், எழுதணும். இன்ஜினியரிங் ரொம்ப கஷ்டம் சார்னு எழுதாதீங்க, படிக்கிறவங்களுக்கு எரிச்சல்தான் வரும், ஏன்னா அதே ஃபைல் குவியல்ல 3.9 இன்ஜினியரும் ஒருத்தன் இருப்பான்.

கஷ்டமான மேஜர் உண்மையா கை குடுக்குற இடம் எல்சாட். ஃபிசிக்ஸ், மேத்ஸ், எகனாமிக்ஸ், ஃபிலாசபி பசங்க சராசரி எப்பவும் மேல, ப்ரீலா, கிரிமினல் ஜஸ்டிஸ்னு லாவுக்கே தயார் பண்ற மாதிரி பேரு வச்ச மேஜருங்க கீழ. எல்சாட்டை திரும்ப எழுதலாம், ஏபிஏ ரிப்போர்ட்டுக்கு ஹையஸ்ட் ஸ்கோர்தான் போகும், ஜிபிஏ மாதிரி உறைஞ்சு போன விஷயம் இல்ல. ஆனா நம்ம பசங்களுக்கு அல்வா மாதிரி இருந்த லாஜிக் கேம்ஸ்ங்கற புதிர் பகுதி 2024 ஆகஸ்ட் பரிட்சைல இருந்தே கிடையாது. இப்ப மார்க் வர்றது ரெண்டு லாஜிக்கல் ரீசனிங், ஒரு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன். நாலு வருஷமா ப்ராப்ளம் செட் மட்டும் போட்டவன் ஒரு பாராவை பொறுமையா படிக்க பழகித்தான் ஆகணும், அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சா நல்லது.

எனக்கு கோவம் வர்றது லா ஸ்கூல் மேல இல்ல, நம்ம வீட்டு பேரம் மேலதான். “லா படிக்கணும்னா படி, ஆனா முதல்ல இன்ஜினியரிங் முடி, கைல ஒண்ணு இருக்கட்டும்” இதை நான் எத்தனை வீட்ல கேட்டிருக்கேன். இது இன்சூரன்ஸ்தான், ஒத்துக்கறேன், ஆனா பிரீமியத்தை பையன் ஜிபிஏல கட்டறான், பாலிசி எடுத்தது அப்பா. பெரும்பாலான ஸ்கூல்ல மெரிட் ஸ்காலர்ஷிப்பும் இதே ரெண்டு நம்பரைத்தான் சுத்தும், ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்டுதான் பணத் தேவையை மட்டும் பாத்து குடுக்கறவங்க, அதனால கட்டுற பிரீமியம் டாலர்லயும் தெரியும். பொண்ணுக்கு பதினெட்டு வயசுலயே லாதான்னு தெளிவா தெரிஞ்சா, ஃபிலாசபியோ எகனாமிக்ஸோ விருப்பமா படிக்கட்டும் விடுங்க. ஏபிஏவே இந்த மேஜர்தான் படிக்கணும்னு எதையும் சொல்றதில்ல.

ஒரே விதிவிலக்கு என் ஏரியா. பேட்டண்ட் ஆபீஸ்ல அடுத்தவங்களுக்காக அப்ளிகேஷன் நடத்தணும்னா தனி பரிட்சை இருக்கு, அதை எழுதவே சயின்ஸ் இல்லைன்னா இன்ஜினியரிங் பின்னணி வேணும், ஹிஸ்டரில 3.9 வாங்குனவருக்கு அந்த கதவு பொதுவா திறக்காது. எலக்ட்ரிக்கல் ஆளுங்களுக்கு கிராக்கி ஜாஸ்தி, பயோடெக்னா பிஎச்டி இருக்கான்னு கேப்பாங்க. அந்த 3.4க்கு கடைசில யாராவது மரியாதை குடுக்குறாங்கன்னா இங்கதான், அதுவும் லா ஸ்கூல் அட்மிஷன்ல இல்ல, வேலைல.

கடைசியா, இதை படிக்கிற எச்1பி அண்ணன்களுக்கு, ஏன்னா நாப்பது வயசுல லா படிக்கலாமான்னு கேக்குறவங்களும் இருக்காங்க. அண்ணா யுனிவர்சிட்டி பிஇக்கு எல்எஸ்ஏசி ஜிபிஏ போடாது. சுப்பீரியர், அபவ் ஆவரேஜ், ஆவரேஜ்னு ஒரு வார்த்தைல மதிப்பீடு வரும், அதனால ஜிபிஏ மீடியன் கணக்குல நீங்க ஏத்தவும் மாட்டீங்க இறக்கவும் மாட்டீங்க. இங்க பண்ண எம்எஸ் கிரேடும் அதுல சேராது. உங்க கிட்ட இருக்குற ஒரே நம்பர் எல்சாட் மட்டும்தான், அப்ளிகேஷன் பத்தி என் கிட்ட கேக்குறதுக்கு முன்னாடி எல்எஸ்ஏசி வெப்சைட்ல ஃப்ரீயா ஒரு முழு டெஸ்ட் கிடைக்கும், டைமர் வச்சு எழுதிட்டு அந்த ஸ்கோரோட போன் பண்ணுங்க.